ஈகிள் ரிவ்யூவுக்கு இன்னும் நான்கு நாள்

வியாழக்கிழமை மாலை 7 மணிக்கு என் பெரிய பெண்ணுக்கு ஈகிள் ஸ்கவுட் போர்டு ஆஃப் ரிவ்யூ. ஈகிள் என்பது ஸ்கவுட்டில், அதாவது சாரணர் இயக்கத்தில், எல்லாவற்றுக்கும் மேலான ரேங்க். அதைக் கொடுப்பதற்கு முன் பெரியவர்கள் சிலர் உட்கார்ந்து பேசிப் பார்ப்பதுதான் ரிவ்யூ. அவள் சீருடையில், ஈகிளுக்கு முந்தைய ரேங்க்கான லைஃப் பேட்ஜ் ஒரு ஓரமாகத் தையல் விட்டிருந்ததை இன்று மத்தியானம்தான் கவனித்தேன். பாக்கெட் மேல் தைக்கிற பேட்ஜ் அது. கவனமில்லாமல் தைத்தால் பாக்கெட்டே மூடிக்கொள்ளும். அதனால் உள்ளே ஒரு துண்டு அட்டையைச் செருகிக்கொண்டு, ஊசி அட்டையில் இடிக்க இடிக்க மெதுவாகத் தைக்க வேண்டும். ஒவ்வொரு ரேங்க்குக்கும் இப்படித்தான் தைத்துக் கொடுத்திருக்கிறேன். டெண்டர்ஃபுட், செகண்ட் கிளாஸ், ஃபர்ஸ்ட் கிளாஸ், ஸ்டார், லைஃப் என்று ஐந்து ரிவ்யூ முடிந்தாயிற்று. இது ஆறாவது.

இங்கே அமெரிக்காவில் பெண் பிள்ளைகளை இந்த ட்ரூப்களில் (ஸ்கவுட் குழுக்களில்) சேர்க்க ஆரம்பித்ததே 2019 பிப்ரவரியில்தான். இவள் சேர்ந்தபோது வயது 11. இன்னும் இரண்டு மாதத்தில் 18 ஆகிவிடும். 21 மெரிட் பேட்ஜ் (ஒவ்வொரு திறனாகக் கற்று வாங்குவது), மற்றவர்களுக்கு உதவியாக ஒரு ஈகிள் ப்ராஜெக்ட், லைஃப் ஸ்கவுட் ஆன பிறகு ஆறு மாதம் ட்ரூப்பில் ஒரு பொறுப்பு, ட்ரூப்பை நடத்தும் ஸ்கவுட்மாஸ்டருடன் ஒரு நீண்ட பேச்சு எல்லாவற்றையும் 18 வயதுக்குள் முடித்தாக வேண்டும். ரிவ்யூ மட்டும் பிறந்தநாள் தாண்டியும் நடக்கலாம். நாங்கள் அதுவரை இழுக்கவில்லை.

நான் படித்த காலத்தில் வைவா என்றால் வெளியிலிருந்து ஒருவர் வருவார், எங்கிருந்து வேண்டுமானாலும் கேட்பார், நாம் ஒப்பிக்க வேண்டும். இதையும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, போன மாதம் 21 பேட்ஜுக்கும் கேள்வி எழுதி அவளைத் தினமும் உட்காரவைத்தேன். முதலுதவியில் பத்து, சமையலில் பத்து, முடிச்சுகளில் பத்து. அவளும் பொறுமையாகப் பதில் சொன்னாள்.

ஸ்கவுட்மாஸ்டரிடம் "முடிச்சு போட்டுக் காட்டச் சொல்வார்களா?" என்று கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. "அதையெல்லாம் பார்த்துதானே அன்றைக்கே கையெழுத்துப் போட்டோம். மறுபடி சோதிக்கக் கூடாது என்பது விதி" என்றார். அப்புறம் எதைத்தான் கேட்பார்கள்? இத்தனை வருஷத்தில் என்ன செய்தாய், எதில் திணறினாய், ஸ்கவுட் உறுதிமொழியை வீட்டிலும் பள்ளியிலும் எப்படிக் கடைப்பிடிக்கிறாய், இனி என்ன செய்யப் போகிறாய். இவ்வளவுதானாம். எனக்கு இது வைவாவை விடக் கடினமாகத் தெரிந்தது. ஒப்பித்துத் தப்பிக்க முடியாதே.

மூன்று முதல் ஆறு பேர் உட்காருவார்கள். எல்லோரும் 21 வயது தாண்டியவர்கள். ஸ்கவுட்மாஸ்டர் இவளை அறிமுகம் செய்து வைக்கலாம், போர்டில் உட்கார முடியாது. பெற்றோருக்கும் உள்ளே இடமில்லை. உள்ளே இருப்பவர்கள் அத்தனை பேரும் ஒருமனதாகச் சம்மதித்தால்தான் ரேங்க். 1912இல் முதல் ஈகிளான ஆர்தர் எல்ட்ரெட்டை ரிவ்யூ செய்தவர்களில் எர்னஸ்ட் தாம்ப்சன் சீட்டனும் டேனியல் கார்ட்டர் பியர்டும் இருந்தார்கள். அமெரிக்க ஸ்கவுட் அமைப்பையே தொடங்கி வைத்தவர்களில் இருவர்! அந்தப் பையன் முன்னால் இருந்தவர்களைப் போல இல்லை, உன் முன்னால் இருக்கப்போவது நமக்குப் பழகிய மனிதர்கள்தான் என்று அவளிடம் சொன்னேன். சிரித்தாள்.

பரிந்துரைக் கடிதங்கள் நேராகப் போய்விட்டன. ஆசிரியை, கோயில் ஞாயிறு வகுப்பு நடத்தும் மாமா எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். அவற்றை அவள் படிக்கக் கூடாது. வாழ்க்கை நோக்கம் பற்றிய கட்டுரையை மூன்று தடவை எழுதினாள். முதல் இரண்டும் கல்லூரி விண்ணப்பம் போலவே இருந்தன. மூன்றாவதில், என்ன படிப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை, ஆனால் கையால் செய்கிற வேலையாக இருக்க வேண்டும் என்று எழுதினாள். எனக்கு அதுதான் பிடித்தது.

நேற்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் ஒரு ஒத்திகை வைத்தோம். நான், என் கணவர், பக்கத்து வீட்டு அக்கா. அவர் மகன் ஏற்கெனவே ஈகிள். ஸ்கவுட் சட்டத்தின் 12 அம்சங்களில் உனக்கு எது கஷ்டம் என்று அக்கா கேட்டார். "கனிவு" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு மழுப்பினாள். அக்கா ப்ராஜெக்ட் ஃபைலைப் புரட்டி, "வடிவமைப்பில் சிறு மாற்றம்னு ஒரு வரி இருக்கே, அது என்னம்மா?" என்றார்.

இவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

முதியோர் இல்லத்தில், குனியாமல் செடி வைக்க உயரமான மரத் தொட்டிகள் மூன்று. அதுதான் ப்ராஜெக்ட். இரண்டை முடித்த அன்று சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி பார்க்க வந்தார். தொட்டியின் முன்பக்கம் தரைவரை பலகை. பாட்டியின் முழங்கால் அதில் இடித்தது. நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு கையை நீட்டினார். விரல் நுனி மண்ணைத் தொட்டது, அதற்கு மேல் எட்டவில்லை. "பரவாயில்லை, அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அளவெடுக்கும்போது இல்லத்தில் இருப்பவர்களில் ஒருவரைக்கூட இவள் உட்காரவைத்துப் பார்த்திருக்கவில்லை.

இல்லத்து மேலாளரிடம் பேசிவிட்டு, இரண்டையும் பிரித்தார்கள். முழங்கால் அடியில் போகிற மாதிரி மேஜை போல மாற்ற இன்னும் இரண்டு சனிக்கிழமை ஆயிற்று. உதவிக்கு வந்த ஒரு பையன் "முதலிலேயே யோசித்திருக்கலாமே" என்று சொல்ல, எல்லோர் முன்னாலும் அவனை இவள் கத்திவிட்டாள். அடுத்த வாரம் அவனிடம் போய் மன்னிப்புக் கேட்டு, பலகை வெட்டும் பொறுப்பை அவனிடமே கொடுத்தாளாம். இதில் பாதி எனக்கே நேற்றுத்தான் தெரியும்.

மேஜைக்கு அடியில் கையை வைத்து முழங்கால் உயரத்தைக் காட்டிக் காட்டிச் சொன்னாள். நான் எழுதிக்கொடுத்த எந்தப் பதிலையும் அவள் இப்படிச் சொன்னதில்லை. அக்கா ஃபைலை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா போனதும், "இதைச் சொன்னா ஃபெயில் பண்ணிடுவாங்களாம்மா?" என்றாள்.

"எனக்குத் தெரியலடா. ஆனா கேட்டா, இப்போ சொன்ன மாதிரியே சொல்லு" என்றேன்.

அறிக்கையில் எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று, இனி அந்த ஒரு வரியை மாற்ற முடியாது. வாயால்தான் சொல்ல வேண்டும். கேள்விச் சீட்டுகளையெல்லாம் காலையில் எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

இப்போது தைத்து முடித்து அட்டையை உருவியிருக்கிறேன். சட்டையைப் போட்டுப் பார்க்க வந்தவள், பிரிப்பதற்கு முன்னால் அந்த முதல் தொட்டியை யாராவது படம் எடுத்தார்களா என்று கேட்டாள். என் ஃபோனில் ஒன்று இருக்கிறது, ஓரத்தில் பாட்டியின் நாற்காலிச் சக்கரமும் தெரிகிறது. நாளைக்கு அதைப் பிரிண்ட் எடுக்க வேண்டும்.