மூன்று கட்டை

மே மாதம். திருச்சியில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடம். கத்திரி வெயிலில் ஜன்னல் கம்பியைத் தொட முடியாது. தரையில் ஜமுக்காளம் விரித்து 35 பிள்ளைகளை உட்கார வைத்துச் சுருதிப் பெட்டியைப் போட்டால், முதலில் காதில் விழுவது மின்விசிறிதான். அந்த ரீங்காரத்துக்கும் ஒரு சுருதி உண்டு. அது பெட்டியோடு சேராமல் இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் ஐந்து நிமிடமாவது விசிறியை நிறுத்திவிடுவேன். பிள்ளைகள் வேர்த்துக் கொட்டினாலும் கண்ணை மூடி 'ச'வில் நிற்பார்கள்.

கோடை முகாம்களில் வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து ஒன்பது வருஷம் ஆகிறது. நானும் இப்படிப்பட்ட வகுப்பில் வளர்ந்தவள்தான். கலை பண்பாட்டுத் துறை நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றத்தில்தான் முதன்முதலாக 'ச பா ச' பாடினேன். பாட்டு வகுப்புக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த மாதிரி இடங்கள் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

முகாம் 10 நாள். நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் மொத்தம் 15 மணி நேரம். ஒழுங்காகப் பார்த்தால், ஆரம்பச் சுரப் பயிற்சியான சரளி வரிசையை மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில், பாட வைக்கவே மாதக்கணக்கில் ஆகும். ஆனால் முதல் நாள் பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போதே பெற்றோர் கேட்பது, "கடைசி நாள் மேடையில என்ன பாடுவாங்க மிஸ்?" அமைப்பாளர்களும் அதையேதான் கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மனசு வரவில்லை; பிள்ளை மேடையில் நிற்பதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் அந்த ஒரு சாயங்காலம் மற்ற ஒன்பது நாளையும் விழுங்கிவிடுகிறது. மூன்றாம் நாளே வரிசையை ஓரமாக வைத்துவிட்டுப் பாட்டை மனப்பாடம் பண்ண வைக்கிறோம்.

இத்தனைக்கும் வரிசைகளில்தான் குழந்தைக்கு எவ்வளவு இருக்கிறது! மாயாமாளவகௌளை ராகத்தில் ஆரம்பப் பாடத்தை அமைத்தவர் புரந்தரதாசர் என்பார்கள். மேளம் என்று சொல்லும் தாய் ராகங்களின் வரிசையில் அது 15-வது. அதன் அழகே பாதிக்குப் பாதி ஒத்துப்போவதுதான். 'ச ரி க ம'வில் சுரங்களுக்கு நடுவே என்ன தூரமோ, அதே தூரம்தான் 'ப த நி ச'விலும். முதல் பாதி பிடிபட்ட குழந்தைக்கு அடுத்த பாதி தானாக வரும். ஏதோ ஒரு கணத்தில் ஒரு குழந்தையின் முகத்தில் அது தெரியும். அதைப் பார்க்கத்தான் வருஷா வருஷம் போகிறேன் என்று நினைக்கிறேன்.

நான் சொல்ல வந்தது நாலு வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு பையனைப் பற்றி. வயது 13. கடைசி வரிசையில் சுவரோரம் உட்காருவான். நான் எல்லோருக்கும் ஐந்தரைக் கட்டை வைத்திருந்தேன். கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் கணக்கு; எண் கூடினால் சுருதி ஏறும். அது என் சுருதி. பெரும்பாலான பிள்ளைகளுக்கும் ஒத்துவரும். இவன் குரல் மட்டும் கீழே எங்கேயோ கிடந்தது. மேல் ஸ்தாயி வந்தால் உடைந்து கீச்சிடும், பக்கத்துப் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டு மூன்று தரம் தனியாகப் பாட வைத்தேன். சேரவில்லை. 'சுருதி ஞானம் இல்லை' என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

ஒன்பதாம் நாள் ஒத்திகையில் அவன் குரல் கூட்டத்தில் தனியாகத் துருத்திக்கொண்டு கேட்டது. ஒரு கும்மிப் பாட்டு. அவனைக் கூப்பிட்டுக் காதோடு சொன்னேன்: "நாளைக்கு வாயை மட்டும் அசை கண்ணா, சத்தம் வர வேண்டாம்." அவன் "சரி மிஸ்" என்றான். அவ்வளவுதான்.

மறுநாள் அப்படியே செய்தான். அவன் அம்மா முன்வரிசையில் நின்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் என்னிடம் வந்து, "நல்லா பாடுனான்ல மிஸ்?" என்று கேட்டார். "ஆமாம்மா" என்றேன்.

கூட்டம் கலைந்த பிறகு ஜமுக்காளங்களைச் சுருட்ட நாலைந்து பிள்ளைகள் நின்றார்கள். அவனும் இருந்தான். குனிந்து சுருட்டிக்கொண்டே தனக்குத்தானே முனகினான். அதே கும்மிப் பாட்டு. நிதானமாக, கீழ்ச் சுருதியில், ஒரு சுரம் பிசகாமல். நான் கையில் இருந்த போனில் சுருதியை எடுத்து வால்யூமைக் குறைத்துக் காதருகே வைத்துக் கேட்டேன். ஐந்து இல்லை, நாலு இல்லை. மூன்று கட்டையில் வந்து அச்சாக உட்கார்ந்தது.

அவனுக்கு மகரக்கட்டு உடைந்துகொண்டிருந்திருக்கிறது. அந்த வயதில் ஆண் பிள்ளைகளுக்குக் குரல்நாண் நீண்டு தடிக்கும், சுருதி இறங்கும். இதெல்லாம் நான் படித்துப் பரீட்சை எழுதிய பாடம். அவன் காதில் ஒரு குறையும் இல்லை. நான்தான் அவன் குரலுக்கு எட்டாத இடத்தில் சுருதியை வைத்துவிட்டு, பத்து நாளும் எட்டிப் பிடி, எட்டிப் பிடி என்று சொல்லியிருக்கிறேன். அப்போதே அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. "போய்ட்டு வர்றேன் மிஸ்" என்று போய்விட்டான்.

அந்த முகாமில் பறை சொல்லிக்கொடுத்த அண்ணன் ஒருவர் உண்டு. டீக்குடிக்கும்போது அவரிடம் சொல்லி வருத்தப்பட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அன்னைக்கு மழை பேஞ்ச காலையில பறைக்கு என்ன பண்ணேன் டீச்சர்?" என்று கேட்டார். எனக்கு ஞாபகம் இருந்தது. இரவு கோடை மழை பெய்து தோல் இறங்கியிருந்தது. அவர் பிள்ளைகளைச் சுற்றி நிற்க வைத்து, வைக்கோலைக் கொளுத்தி, ஒவ்வொரு பறையாகத் தீயில் காட்டி, விரலால் தட்டித் தட்டிக் கேட்டு எடுத்துக் கொடுத்தார். அதன் பிறகுதான் சிம்புக்குச்சியையும் அடிக்குச்சியையும் கையில் எடுக்கவே விட்டார். "ஒவ்வொன்னையும் கேட்டுத்தானே ஆகணும்" என்றார்.

அடுத்த வருஷத்திலிருந்து முதல் நாள் நான் பாடமே எடுப்பதில்லை. ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேச வைக்கிறேன், 'ம்' என்று முனகச் சொல்கிறேன். குரல் எங்கே சிரமமில்லாமல் நிற்கிறதோ அந்தக் கட்டையை வருகைப் பதிவேட்டில் பெயருக்கு நேராக எழுதுகிறேன். பெரும்பாலும் ஐந்து, ஐந்தரை, சிலருக்கு ஆறு, வளர்ந்த பையன்களுக்கு நாலு, மூன்று. பிறகு இரண்டு குழுவாகப் பிரித்துவிடுவேன். ஒரு குழு பாடும்போது மற்றது ஆதி தாளம் போடும். ஒரு நாள் முழுக்கப் போய்விடுகிறதே என்று அமைப்பாளர் கேட்டார். போகட்டும் சார், ஒரு பாட்டைக் குறைத்துக்கொள்ளலாம் என்றேன்.

அந்த வருஷம் பெயர்ப் பட்டியலில் அவன் பெயரைத் தேடினேன். பறை வகுப்பில் இருந்தது. மூன்றாம் நாள் இடைவேளையில், தோளில் பறையோடு என் அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். ஒரு சாண் வளர்ந்திருந்தான். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். போன வருஷம் நான் சொன்னது தப்பு, உன் குரலுக்கு ஒன்றும் இல்லை, சுருதிதான் தப்பாக வைத்திருந்தேன் என்று சொன்னேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "பரவால்ல மிஸ்" என்றான்.

பெட்டியைத் திறந்து மூன்று கட்டை வைத்தேன். சேரவில்லை, குரல் இன்னும் இறங்கியிருந்தது. இரண்டு வைத்தேன். ஒன்றுக்கு வந்ததும் அவனே நிமிர்ந்து பார்த்தான். விசிறியை நிறுத்தினேன். பறையை மடியில் கிடத்திவிட்டு 'ச' பிடித்தான். முதல் வரிசை, இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை என்று முற்றத்திலிருந்து அண்ணன் அவனைத் தேடிக் குரல் கொடுக்கும் வரை பாடிக்கொண்டிருந்தான்.