கிணற்றுக்கு முன் கேட்கப்படும் எண்

எண்ணெய்த் துறையில் புவி இயற்பியலாளராகப் பணியாற்றும் ஒருவர் ஆண்டுக்கணக்கில் அலைப் பதிவுகளோடும் வரைபடங்களோடும் கணினித் திரைகளோடும் மல்லுக்கட்டினாலும், இறுதியில் நிர்வாகம் அவரிடம் கேட்பது ஒரே ஓர் எண்ணைத்தான். இந்த இடத்தில் துளையிட்டால் எண்ணெயோ எரிவாயுவோ கிடைப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது? களத்தில் பதிவான அதிர்வுகள், அவற்றைச் சுத்தம் செய்த கணக்குகள், பாறை அடுக்குகளைக் குறித்த கோடுகள் எல்லாம் அந்த ஓர் எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன. இத்தொழிலில் கழிந்த ஆண்டுகளைத் திரும்பிப் பார்க்கையில், அந்த எண் எப்படி உருவாகிறது, யார் யாருடைய கை அதன்மேல் படுகிறது என்பதே என் நினைவில் முன்னால் வந்து நிற்கிறது.

கணக்கு மிக எளிமையானது. எண்ணெயை உருவாக்கிய மூலப்பாறை, அதைத் தேக்கி வைக்கும் நுண்துளைப் பாறை, அது தப்பிப்போகாமல் சேர்ந்து நிற்பதற்கேற்ற பொறி, அதன் மேல் இறுக்கமான மூடுபாறை ஆகிய நான்கும் ஒரே இடத்தில் அமைய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 0.8, 0.7, 0.6, 0.7 என்று வாய்ப்பு கொடுத்துப் பெருக்கினால் ஏறத்தாழ 0.24 வருகிறது. தனித்தனியே பார்த்தால் தெம்பூட்டும் எண்கள். பெருக்கியபின் நான்கில் ஒன்று. வெளியாட்கள் இதைக் கேட்டு அதிர்ச்சி அடைவதுண்டு. எங்களுக்கோ புதிய பகுதியில் நான்கில் ஒன்று என்பது துணிந்து துளையிடத்தக்க வாய்ப்பு. இந்த நான்கில் பொறியின் வடிவத்தைத்தான், பூமிக்குள் அதிர்வைச் செலுத்தி எதிரொலியைப் பதிவு செய்யும் நில அதிர்வு முறை நேரடியாகக் காட்டுகிறது. தேக்கப்பாறையையும் மூடுபாறையையும் பற்றி அது ஓரளவு குறிப்புணர்த்துகிறது. மூலப்பாறையைப் பற்றிப் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை.

அந்த எண்ணின் முதல் இலக்கம் அலுவலகத்தில் எழுதப்படுவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது களத்தில் தொடங்குகிறது. வைப்ரேட்டர் வண்டிகள் வரிசையாக நின்று, கனத்த இரும்புத் தட்டுகளைத் தரையில் அழுத்தி, 8 ஹெர்ட்ஸில் தொடங்கி 80 ஹெர்ட்ஸ் வரை மெல்ல மெல்ல ஏறும் அதிர்வைப் பூமிக்குள் செலுத்துகின்றன. அருகில் நிற்பவருக்கு முதலில் பாதங்களிலும் பிறகு விலா எலும்பிலும் அது தெரியும். வரிசை வரிசையாகப் பதித்த ஜியோஃபோன்கள் கீழிருந்து திரும்பும் எதிரொலிகளைப் பிடிக்கின்றன. அந்த எதிரொலி எவ்வளவு மெலிதானது என்றால், பக்கத்து மரம் காற்றில் ஆடும்போது வேர்கள் மண்ணை அசைக்கும் அசைவுகூட அதை மூழ்கடித்துவிடும். ஆகவே ஜியோஃபோனின் கூர்முனையை மேல்மண்ணைத் தள்ளிவிட்டு உறுதியான தரையில், நேர்செங்குத்தாக ஊன்ற வேண்டும். நாள் முழுவதும் குனிந்து குனிந்து அதைச் செய்பவர்களின் பெயர் எந்த அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை. பதிவு வண்டியில் அமர்ந்திருக்கும் அப்சர்வர், காற்று கூடினால் பதிவை நிறுத்தச் சொல்லும் உரிமை உடையவர். ஒரு நாள் தாமதத்துக்கு ஆகும் செலவு தெரிந்திருந்தும் நிறுத்தச் சொன்ன அப்சர்வர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் மீது எனக்குள்ள மரியாதை இன்றுவரை குறையவில்லை. பின்னால் நாங்கள் போடும் எந்தக் கணக்கும், களத்தில் பதிவாகாத ஒன்றைக் கொண்டுவந்து தர முடியாது.

இந்த எதிரொலிப்பு முறையை அமெரிக்க இயற்பியலாளர் ஜே. சி. கார்ச்சரும் உடன் உழைத்தவர்களும் 1921-இல் ஓக்லஹோமாவில் சோதித்துக் காட்டினார்கள். தொடக்கப் பதிவுகளில் இரைச்சலே மிகுதி. புவி இயற்பியலாளர் ஹாரி மெய்ன் 1956-இல் காப்புரிமை பெற்ற முறை நிலைமையை மாற்றியது: நிலத்தடியில் உள்ள ஒரே புள்ளியை வெவ்வேறு தொலைவுகளிலிருந்து பலமுறை பதிவு செய்து ஒன்றாகக் கூட்டினால், தாறுமாறான இரைச்சல் தணிந்து எதிரொலி மேலெழும். 64 பதிவுகளைக் கூட்டினால் எதிரொலிக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் 8 மடங்கு உயரும். ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் எண்டர்ஸ் ராபின்சன் முதலானோர், ஒன்றோடொன்று கலந்து மங்கிய எதிரொலிகளைப் பிரித்துக் கூர்மையாக்கும் டிகான்வலூஷன் கணிதத்தை எண்ணெய்த் தேடலுக்குக் கொண்டுவந்தார்கள். இன்றும் தரவுச் செயலாக்கத்தின் முதுகெலும்பு இவைதாம்.

செயலாக்கத்தில் மிகுந்த பொறுமையைக் கேட்கும் வேலை, அலையின் வேகத்தைக் கணிப்பது. எதிரொலி திரும்ப எடுத்துக்கொண்ட நேரம் மட்டுமே நம்மிடம் உள்ளது. ஆழம் வேண்டுமென்றால் வேகம் தெரிய வேண்டும். கடல்நீரில் வினாடிக்குச் சுமார் 1500 மீட்டர், உப்புப் பாறையில் சுமார் 4500 மீட்டர், மணற்பாறையிலும் களிப்பாறையிலும் ஆழத்துக்கும் வயதுக்கும் ஏற்ப இடைப்பட்ட எத்தனையோ வேகங்கள். ஓர் அடுக்கிலிருந்து எதிரொலி 2 வினாடியில் திரும்புகிறது, சராசரி வேகம் 3000 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போக ஒரு வினாடி, வர ஒரு வினாடி. ஆழம் 3000 மீட்டர். அந்தப் பரப்பெங்கும் வேகம் ஒரே அளவில் பிசகினால், படம் முழுவதும் சேர்ந்து மேலே ஏறும் அல்லது கீழே இறங்கும். எண்ணெய் தேங்கும் பொறியாக அமையும் அடுக்கின் மேடு மேடாகவே இருக்கும். ஆனால் மேட்டின் உச்சிக்கு மேலே மட்டும் வேகம் 3 விழுக்காடு கூடுதலாக இருந்து நாம் அதைக் கவனிக்காவிட்டால், அங்கே 90 மீட்டர் உயரமுள்ள ஒரு பொய் மேடு தோன்றிவிடும். நாங்கள் தேடும் பொறியின் மொத்த உயரமே சில வேளைகளில் 40 மீட்டர்தான். திரையில் வண்ணத் திட்டுகளாகத் தெரியும் வேகப் பலகையில் எந்தத் திட்டின் மையத்தைத் தொடுவது, அருகில் மங்கலாகத் தெரியும் இன்னொன்று பலமுறை பட்டுத் திரும்பிய போலி எதிரொலியா என்று முடிவெடுக்கும் அந்தச் சின்னச் செயலில் ஒரு மலை தோன்றலாம், மறையலாம். செயலாக்கம் செய்பவர் இதை நன்கு அறிவார். வரைபடத்தைக் கையில் வாங்கும் மேலாளர் பெரும்பாலும் அறிவதில்லை.

பிறகு விளக்கம் எழுதும் கட்டம். எது பிளவு, எது மடிப்பு, எந்த அடுக்கு எங்கே தொடர்கிறது என்று முடிவு செய்யும் வேலை இது. புவியியலாளர் கிளேர் பாண்டும் அவருடைய சகாக்களும் 2007-இல் வெளியிட்ட ஆய்வொன்றை எங்கள் துறையில் உள்ள ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கணினியில் உருவாக்கிய ஒரே நில அதிர்வுப் படத்தை 412 பேர் கையில் கொடுத்து விளக்கம் எழுதச் சொன்னார்கள். அந்தப் படம் எவ்வகையான புவி அசைவைக் காட்டுகிறது என்று சரியாகக் கண்டவர்கள் 21 விழுக்காட்டினர் மட்டுமே. அவரவர் எந்த வகை நிலப்பகுதியில் வேலை பார்த்துப் பழகினாரோ, அந்த வகையையே படத்தில் காணும் போக்கு அதில் தெரிந்தது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் இதை மறந்துவிட்டு, தான் வரைந்த கோட்டைப் பூமியே வரைந்ததாக எண்ணத் தொடங்கினால் ஆபத்து.

அந்த எண்ணத்தை வளர்ப்பதில் பெயருக்கும் பங்கு உண்டு. துளையிடத் தகுந்ததென்று முன்மொழியும் ஒவ்வொரு நிலத்தடிப் பாறைக் கட்டமைப்புக்கும் ஒரு பெயர் சூட்டுவது வழக்கம். பெயர் வந்தவுடன் பாசம் வந்துவிடுகிறது. அலாஸ்காவின் வடக்கே போஃபர்ட் கடலில் முக்லுக் என்ற பெயரில் ஒரு மாபெரும் கட்டமைப்பு இருந்தது. குத்தகைத் தொகையையும் சேர்த்து நூறு கோடி டாலருக்கு மேல் செலவிட்டு, செயற்கைத் தீவு அமைத்து, 1983-இல் துளையிட்டார்கள். நில அதிர்வுப் படம் காட்டிய பொறி அங்கே இருக்கத்தான் செய்தது. பாறையில் எண்ணெய்க் கறையும் இருந்தது. வந்ததோ உப்புநீர். எண்ணெய் முன்னொரு காலத்தில் அங்கே சேர்ந்திருந்து பின்னர் வெளியேறிவிட்டது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். வாயு இருப்பதன் அடையாளமாக நம்பப்படும், படத்தில் பளிச்சென்று மின்னும் இடங்களும் இப்படித்தான் ஏய்க்கும்: பாறைத் துளைகளில் மிகச் சொற்ப அளவு வாயு இருந்தாலே அலையின் வேகம் வெகுவாகக் குறைந்துவிடுவதால், வணிகத்துக்கு உதவாத வாயுவும் பெரும் வயலைப் போலவே ஒளிரும்.

இத்தனையும் தெரிந்த ஒருவர் கூட்ட அறைக்குள் நுழைகிறார். அங்கே இன்னொரு கணக்கு நடந்துகொண்டிருக்கும். துளையிடும் ரிக் ஏற்கெனவே வாடகைக்கு எடுத்தாயிற்று. குத்தகைக் காலம் முடியப் போகிறது. ஆண்டு முடிவதற்குள் கிணறு தொடங்க வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், 0.18 என்று நாங்கள் எழுதிய எண் அடுத்தடுத்த கூட்டங்களில் 0.22 ஆகி, பின்னர் 0.27 ஆனது. இடையில் புதிய தரவு எதுவும் வரவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை; ‘மூடுபாறைக்கு 0.6 கொஞ்சம் கறாராக இல்லையா’ என்று ஒருவர் மென்மையாகக் கேட்பார், மற்றவர்கள் தலையசைப்பார்கள். அவ்வளவுதான். ஒவ்வொரு அசைவும் தனியே பார்த்தால் நியாயமானதாகத்தான் தோன்றும். அதற்குப் பிறகு என்னிடம் பயிற்சிக்கு வந்த இளையவர்களிடம் ஒரு பழக்கத்தை வற்புறுத்தி வந்திருக்கிறேன்: எண்ணை எழுதும்போதே அதற்கான காரணத்தையும், எந்தத் தகவல் வந்தால் அதை மாற்றுவோம் என்பதையும் தேதியிட்டு எழுதி வையுங்கள். எண்ணை மாற்றச் சொல்பவர் அந்தத் தகவலையும் கொண்டுவரட்டும்.

கிணறு தோண்டப்படும் வாரங்களில் புவி இயற்பியலாளர் சரியாகத் தூங்குவதில்லை. நாம் கணித்த ஆழத்தில் அடுக்கு வந்ததா, முன்னதாக வந்ததா, பிந்தியதா என்று காலை அறிக்கையில் முதல் வரியிலேயே கண் தேடும். முடிவு வந்தபின் செய்ய வேண்டிய வேலையைத்தான் எங்கள் துறை தொடர்ந்து புறக்கணிக்கிறது. எண்ணெய் கிடைத்தால் கொண்டாட்டம். கிடைக்காவிட்டால் எல்லோரும் அடுத்த கட்டமைப்புக்கு நகர்ந்துவிடுகிறார்கள். நான்கு காரணிகளில் எது தவறியது, நாம் முன்பு கொடுத்த வாய்ப்பு நியாயமானதா என்று சரிபார்ப்பது அரிதாகவே நடக்கிறது. ஒரு கிணற்றை வைத்து 0.24 சரியா தவறா என்று யாராலும் சொல்ல முடியாது. பல கிணறுகளின் கணிப்பையும் முடிவையும் அருகருகே வைத்தால்தான் நம் எண்கள் நம்பத்தக்கவையா என்று தெரியும்.

அதைச் செய்வதற்கு அதே மனிதர்கள் நீண்ட காலம் அங்கே இருக்க வேண்டும். எண்ணெய் விலை அதற்கு இடம் கொடுப்பதில்லை. கார்ச்சரின் முதல் முயற்சியே 1921-இல் விலை வீழ்ந்தபோது நின்றுபோனது; சில ஆண்டுகள் கழித்துத்தான் மீண்டும் தொடங்கியது. 1986, 1998, 2014, 2020 ஆகிய சரிவுகள் ஒவ்வொன்றிலும் முதலில் வெட்டப்பட்டவை தேடல் செலவுகளே. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேர விலை பூஜ்ஜியத்துக்குக் கீழே சென்றதைத் திரையில் பார்த்த நண்பர்களில் பலர் அந்த ஆண்டு முடிவதற்குள் வேலையில் இல்லை. மேசையைக் காலி செய்து போகிறவர் தம் பொருள்களை எடுத்துச் செல்கிறார். பழைய கிணறு ஏன் வறண்டது, அந்தப் பகுதியில் எந்த வேகப் பலகையை நம்பக்கூடாது என்ற அறிவும் அவரோடு போய்விடுகிறது. தரவு காந்த நாடாக்களில் பத்திரமாக இருக்கிறது. அதைப் புரிந்தவர் இல்லை.

வெளியேறியவர்களில் சிலர் இன்று புவிவெப்ப ஆற்றலிலும், கடற்காற்றாலைகளுக்கான கடலடித் தள ஆய்விலும், கரியமில வாயுவை நிலத்தடியில் சேமிக்கும் திட்டங்களிலும் பணிபுரிகிறார்கள். கடைசியாகச் சொன்னது எங்கள் திறமைக்கு மிக நெருக்கமானது. நார்வேயின் ஸ்லைப்னர் வயலில் 1996 முதல் ஆண்டுக்கு ஏறத்தாழ பத்து லட்சம் டன் வரை கரியமில வாயுவை உட்ஸிரா மணற்பாறைக்குள் செலுத்திவந்து, அது பரவுவதை மீண்டும் மீண்டும் நில அதிர்வுப் பதிவு எடுத்துக் கண்காணித்தார்கள். தொடக்கப் படத்தில் பிரித்தறிய முடியாத மெல்லிய களிப்பாறைத் தகடுகள், அவற்றின் அடியில் வாயு சேர்ந்தபின் தனித்தனி அடுக்குகளாகத் தெளிவாகத் தெரிந்தன. இங்கேயும் எங்களிடம் கேட்கப்படுவது ஓர் எண்தான்: இந்த மூடுபாறை நூற்றாண்டுகளுக்குத் தாங்குமா? நான்கில் ஒன்று என்ற பதிலோடு இங்கே யாரும் அனுமதி பெற முடியாது. எனவே, எண்ணெய்த் தேடல் அறிக்கைகளில் மூடுபாறைக்கு ஓரிரு பத்திகளே ஒதுக்கிப் பழகியவர்கள், இப்போது அதன் தடிமனையும் பிளவுகளையும் பழைய கிணறுகள் அதைத் துளைத்த இடங்களையும் பற்றித் தனி ஆய்வறிக்கைகள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.