வாகரைப் பக்கத்துப் பற்றைக்காட்டில் ஆறுமணிக்குருவி

வாழைச்சேனையிலிருந்து திருகோணமலை வீதியில் பனிச்சங்கேணிப் பாலத்தைக் கடந்து போனால், போர்க்காலத்தில் கைவிடப்பட்ட ஒரு தென்னந்தோட்டம் இருக்கிறது. காணி திரும்பக் கைக்கு வந்த பின்பும் உரிமையாளர் அதைத் துப்புரவாக்கவில்லை. தென்னைகள் பட்டு விழுந்த இடங்களில் பாலையும் வீரையும் நாவலும் தாமாகவே எழும்பி, அவற்றின் கீழே காரையும் சூரையும் படர்ந்து, தோட்டம் பற்றைக்காடாகிவிட்டது. மார்ச் மாதத்து விடியற்புறம் ஒன்றில், பறவைகளைப் பிடித்துக் காலில் இலக்கமிட்ட வளையம் மாட்டி விடும் ஆய்வுக் குழுவினரோடு அங்கே போயிருந்தேன். வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் இந்நாட்டில் இந்த வேலையைச் செய்ய முடியாது என்பதால், அனுமதிப் பத்திரத்தையும் மேசையிலேயே வைத்திருந்தார்கள்.

இருட்டோடு இருட்டாக இரண்டு கம்புகளுக்கிடையே கட்டிய வலை, வெளிச்சம் வந்த பின்பும் கண்ணுக்குத் தெரியவில்லை. மயிரிழை போன்ற கறுப்பு நூலால் பின்னிய அந்த வலையில் மோதும் பறவை, தொய்வாக விட்டிருக்கும் மடிப்பு ஒன்றுக்குள் விழுந்து கிடக்கும். அரைமணி நேரத்துக்கு ஒரு தடவையாவது போய்ப் பார்க்காவிட்டால் அது களைத்துவிடும். வெயில் ஏறினால் உயிருக்கே ஆபத்து.

முதலில் அகப்பட்டது ஒரு தவிட்டுக்குருவி. அதன் கூட்டம் முழுவதும் பற்றைக்குள் நின்று போட்ட கூச்சலில், வளையத்தின் இலக்கத்தை வாசித்தவர் இரண்டாம் முறையும் வாசிக்க வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகுதான் ஆறுமணிக்குருவி வந்தது. இமயத்தின் அடிவாரக் காடுகளிலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்து, மாரியில் நம்மிடம் வந்து தங்கும் பறவை அது. கழுத்து சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே வர, முதுகு உள்ளங்கையில் படியும்படி பிடித்து, காலில் அலுமினிய வளையத்தைக் குறட்டால் மூடினார்கள். சிறகை அளந்தபின் நெஞ்சு இறகை வாயால் ஊதி விலக்கியபோது, கண்ணாடி போன்ற தோலின் கீழே, நெஞ்செலும்புக்கு மேலுள்ள குழியில் மஞ்சள் நிறக் கொழுப்புத் திரண்டிருந்தது தெரிந்தது. ஏப்ரல் அளவில் வடக்கே திரும்பும் பயணத்துக்கான கட்டுச்சோறு அதுதான். அந்தக் கொழுப்பு, சருகைக் கிளறித் தின்ற புழுவிலும் பூச்சியிலும் சேர்ந்தது. ஓலையையும் சருகையும் கூட்டி எரித்து நிலத்தை மொட்டையாக வைத்திருக்கும் தோட்டத்தில் இப்பறவைக்கு இரையில்லை. பராமரிப்பில்லாத காணி என்று நாம் முகம் சுளிப்பதைத்தான் அது தேடி வருகிறது என்று எனக்குப் பட்டது.

இலக்கமிட்ட அலுமினிய வளையத்தை 1899 இல் டென்மார்க்கில் மோர்ட்டென்சன் என்ற ஆசிரியர் பறவைக்கு மாட்டிப் பார்த்த முறை, இன்றும் பெரிதாக மாறவில்லை. வளையத்தால் பயன் வருவது, அதே பறவை இன்னொரு நாள் இன்னொருவர் கையில் அகப்பட்டால்தான். அதனால் குழுவினர் ஒக்டோபருக்குப் பின் இதே இடத்தில் மீண்டும் வலை கட்டவிருக்கிறார்கள்.

வெயில் ஏறிக் காற்றும் எழும்பியதும் வலைகளைச் சுருட்டினோம். வேலியோரத்தில் நின்ற பக்கத்துக் காணி அம்மாவுக்கு இதில் திருப்தியில்லை. “குருவி வந்தாச் சரி மனே, காடு வளந்தா ஆனையும் வரும்தானே?” என்றார். அவர் பயம் நியாயமானது. அவர் வீட்டுப் பக்கமாக ஒரு துண்டுக் காட்டை மட்டும் வெட்டி வெளியாக வைக்க உரிமையாளர் சம்மதித்திருக்கிறார், அந்த வேலை இன்னும் தொடங்கவில்லை.