கிளட்ச் தொடாமல் பத்து கியர்

அமெரிக்க லாரிகளில் பல காலமாக ஓடும் ஈட்டன் ஃபுல்லர் 10 ஸ்பீடு கியர்பாக்ஸின் முன்பகுதியில் சிங்க்ரோமெஷ், அதாவது கியர் விழும் முன் வேகங்களைத் தானாக ஒத்துப்போகச் செய்யும் அமைப்பு, கிடையாது. பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே சுழலும். கியர் குச்சி நகர்த்துவது மெயின்ஷாஃப்ட் என்ற முதன்மைத் தண்டின் மேல் சறுக்கும் பல்வளையத்தைத்தான். வளையத்தின் வேகமும் அது சேர வேண்டிய கியரின் வேகமும் ஒத்துப்போனால் குச்சி தானாக உள்ளே விழும். ஒத்துப்போகாவிட்டால் கிளட்சை மிதித்தாலும் கரகரக்கத்தான் செய்யும். கிளட்ச் இல்லாமல் இப்படி மாற்றுவதை அங்குள்ள டிரைவர்கள் 'ஃப்ளோட்டிங்' என்பார்கள்.

மனதில் வைக்க வேண்டியது ஒரே கணக்கு. அடுத்தடுத்த கியர்களுக்கு இடையே ஏறக்குறைய 35 சதவீத வித்தியாசம். 1500 ஆர்.பி.எம்.மில் (எஞ்சினின் நிமிடச் சுழற்சி) மேல் கியருக்குப் போகிறீர்கள் என்றால், எஞ்சின் 1100க்கு இறங்கும்போது குச்சி உள்ளே போக வேண்டும். கீழ் கியருக்கு வரும்போது 1100இல் கழற்றி 1500க்கு ஏற்ற வேண்டும். 13, 18 ஸ்பீடு பெட்டிகளில் ஒரு கியரை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரை மாற்றும்போது இந்த இடைவெளி பாதிதான்.

மேலே போக: குச்சியை நியூட்ரல் பக்கம் இரண்டு விரலால் லேசாக இழுத்துப் பிடித்தபடி ஆக்ஸிலரேட்டரை விடுங்கள். பல்லின் மேல் இருக்கும் இழுவை நீங்கிய நொடியில் கழன்று வரும். வராவிட்டால் பலம் காட்டாதீர்கள்; காலை ஒரு நூல் கூட்டியோ குறைத்தோ பாருங்கள். நியூட்ரலில் ஆர்.பி.எம். இறங்க விட்டு, அடுத்த கியரின் வாயில் குச்சியை மெல்ல அழுத்தி வைத்தால் போதும்.

கீழே வருவதில்தான் பலரும் தடுமாறுவார்கள். நியூட்ரலுக்கு வந்ததும் ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டு தட்டி 1500ஐச் சற்றுத் தாண்ட விட்டு, அது திரும்பி இறங்கும்போது கியரைப் போடுங்கள். எஞ்சினைக் கொண்டே வேகத்தைக் குறைக்கும் எஞ்சின் பிரேக் போட்டிருந்தால் முதலில் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நியூட்ரலில் ஆர்.பி.எம். மடமடவென விழுந்து, கியருக்கான நேரம் தப்பிவிடும். ஏற்றத்தில் வண்டியின் வேகமே சீக்கிரம் குறைவதால், அங்கே ஏற்ற வேண்டிய ஆர்.பி.எம்.மும் கொஞ்சம் குறைவு. கடுங்குளிரில் எண்ணெய் கெட்டியாகி கவுன்டர்ஷாஃப்ட்டை (பெட்டிக்குள் சுழலும் துணைத் தண்டு) இழுத்துப் பிடிக்கும்; ஆர்.பி.எம். சீக்கிரம் விழும். வண்டி சூடாகும் வரை மேல் கியரைச் சற்று வேகமாகவே போட வேண்டியிருக்கும்.

5க்கும் 6க்கும் இடையில் மாறும்போது குச்சியில் உள்ள ரேஞ்ச் பொத்தானையும் மாற்ற வேண்டும்; 1 முதல் 5 வரை லோ ரேஞ்ச், 6 முதல் 10 வரை ஹை ரேஞ்ச். கியரிலிருந்து கழற்றுவதற்கு முன்பே அதை மாற்றி வையுங்கள். நியூட்ரலைக் கடக்கும்போது காற்றழுத்தம் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். ரேஞ்சை மாற்றும் அந்தப் பின்பகுதியில் மட்டும் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் சிங்க்ரோனைசர் உண்டு. வேகமாக ஓடும்போது தவறிப்போய் லோ ரேஞ்சுக்குத் தட்டினால் எரிவது அதுதான்.

கிளட்ச் தேவையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். நின்ற வண்டியைக் கிளப்ப அது வேண்டும். முதல் கியரோ ரிவர்ஸோ போடும்போது மிதியைத் தரைவரை அழுத்தினால், கடைசி அங்குலத்தில் கிளட்ச் பிரேக் பிடித்து உள்ளே சுழல்வதை நிறுத்தும். ஓடும் வண்டியில் அவ்வளவு ஆழமாக மிதித்தால் அந்த பிரேக்கின் காது போன்ற நீட்சிகள் ஒடிந்துபோகும். லைசென்ஸ் தேர்வுக்குப் போகிறவர்கள் டபுள் கிளட்ச், அதாவது நியூட்ரலுக்கு வர ஒருமுறையும் அடுத்த கியருக்கு ஒருமுறையும் கிளட்சை மிதிப்பது, போடுவதே நல்லது.

கரகரப்பைச் சட்டை செய்யாமல் ஓட்டினால் பல்முனைகள் மழுங்கும். பிறகு இழுவையில் கியர் தானாகக் கழன்று வரும். குச்சியின் மேல் கையை ஓய்வாக வைத்திருக்கும் பழக்கம் பல்வளையத்தை நகர்த்தும் ஷிஃப்ட் ஃபோர்க்கைத் தேய்க்கும். சிங்க்ரோமெஷ் உள்ள இந்திய லாரிகளில் இதைச் செய்து பார்க்காதீர்கள். வேகம் கொஞ்சம் பொருந்தாவிட்டாலும் அந்த வித்தியாசத்தைத் தாங்குவது சிங்க்ரோ வளையம்தான். அது சீக்கிரம் தேய்ந்துவிடும்.

அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்திலுள்ள கேபேஜ் ஹில் போன்ற 6 சதவீத இறக்கத்தில் இந்த வித்தையைக் காட்டக் கூடாது. நியூட்ரலில் மாட்டிக்கொண்டால் வண்டி வேகமெடுத்து எந்தக் கியரும் விழாமல் போகும். இறங்கத் தொடங்கும் முன்பே கியரைத் தேர்ந்து, அதிலேயே இறங்குங்கள்.

சமதளத்தில் கியர் தவறினால் ஒரு குறுக்குவழி உண்டு. மைல் வேகத்தின் இரண்டு இலக்கங்களையும் கூட்டுங்கள்: 25க்கு 7, 35க்கு 8, 45க்கு 9, 55க்கு 10. அந்தக் கியரை 1500ஐ ஒட்டித் தேடினால் கிடைக்கும். பின் ஆக்சில் விகிதம் மாறினால் இந்தக் கணக்கும் நகரும் என்பதால், புது வண்டி கைக்கு வந்ததும் ஒருமுறை மீட்டரைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.