ஒரு கரண்டி அரிசிம்பருப்பு: கோவை நட்சத்திர ஹோட்டலில் டேஸ்டிங் மெனு

கொங்குப் பக்கத்து விருந்தில் "போதுமுங்க" என்று இலைக்குக் குறுக்கே கையை வைத்து மறைத்தால்தான் பரிமாறுபவர் நகர்வார். டேஸ்டிங் மெனுவில் அந்தக் கைக்கு வேலையே இல்லை. ஏழு முதல் ஒன்பது கோர்ஸ், அதாவது பரிமாறும் சுற்று, வரும்; ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வாய்தான். எது முதலில், எது கடைசியில் என்பது செஃப் பாடு. உட்கார்ந்து எழ இரண்டரை மணி நேரமாவது ஆகும். ஒன்பதுக்கு மேசை பிடித்தால் இனிப்பு வருவதற்குள் கண் சொக்கும்; ஏழரைதான் சரியான நேரம்.

அவினாசி சாலை ஹோட்டல் என்றால் ஓட்டுநரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டருக்கு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தாகிவிட்டது. பழக்கத்தில் மேலே ஏறினால் போக வேண்டிய வாசலைக் கீழே விட்டுவிட்டுப் பறப்பீர்கள்.

முன்பதிவு இரண்டு நாளுக்கு முன்பே. நாற்காலிக்காக மட்டுமல்ல, சாஸும் எலும்புச் சாறும் காலையிலேயே தயாராகிவிடும். புரட்டாசி, வெங்காயம் பூண்டு கூடாது என்பதையெல்லாம் மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால், மேலே தூவியதை எடுத்துவிட்டு அதையேதான் கொண்டுவருவார்கள். அலர்ஜி உள்ளவர்கள் இரண்டைக் கட்டாயம் கேட்க வேண்டும். ஒன்று தேங்காய்: பல்லாகவும் பாலாகவும் அரைத்த விழுதாகவும் கொங்குச் சமையல் முழுக்க இருக்கும். இன்னொன்று கடலை எண்ணெய். "வேர்க்கடலை ஆகாது" என்று சொன்னால் பரிமாறுபவர் தூவிய கடலையைத்தான் நினைப்பார். தாளித்த எண்ணெய் அவர் நினைவுக்கு வராது. எண்ணெயைத் தனியாகக் கேளுங்கள்.

ஒரு கோர்ஸுக்கு 60 கிராம் என்று வைத்தாலும் எட்டுக்கு 480 கிராம், அதுவே ஒரு முழுச் சாப்பாடு. ஆரம்பத்தில் வரும் ரொட்டியும் வெண்ணெயும்தான் வினை. ஊத்துக்குளி வெண்ணெய் என்று சொல்லி வைத்தாலும் ஒரு துண்டோடு நிறுத்துங்கள்.

எல்லாக் கொங்குப் பண்டமும் சின்ன அளவைத் தாங்காது. பள்ளிபாளையம் சிக்கன் தாங்கும். மசாலாப் பொடி கிடையாது. சின்ன வெங்காயம், விதை நீக்கிய வரமிளகாய், தேங்காய்ப் பல், கோழி, அவ்வளவே. ஆனால் முள்கரண்டிக்காக எலும்பை எடுத்துவிட்டு நெஞ்சுக்கறியைப் போட்டால் சக்கையாகிவிடும். தொடைக்கறி என்றால் ஈரம் நிற்கும். இது நாலாவது ஐந்தாவதாக வர வேண்டிய பண்டம். இரண்டாவதாகவே வந்தால், அடுத்து வரும் மெல்லிய சுவை எதுவும் நாக்குக்கு எட்டாது. காரம் ஏறிவிட்டால் தண்ணீர் குடித்துப் பயனில்லை. மிளகாயின் காரம் கொழுப்பில்தான் கரையும். ஒரு வாய் தயிர் கேளுங்கள்.

அரிசிம்பருப்பு சாதம்தான் பெரும்பாலும் தோற்கும். வீட்டில் குக்கரிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும். குவியலாக இருப்பதால் சூடு நிற்கும். ஒரே கரண்டியை அகலமான பீங்கான் தட்டின் நடுவில் வைத்தால் இரண்டு நிமிடத்தில் இறுகிக் கட்டியாகிவிடும், மேலே விட்ட நெய்யும் உறையத் தொடங்கும். தெரிந்த சமையலறை இதைக் கொஞ்சம் தளர வேகவைத்து, சுடவைத்த சின்னக் கிண்ணத்தில் தரும். கிண்ணத்தின் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருந்தால் தயங்காமல் திருப்பி அனுப்பலாம். போட்டோ எடுப்பதென்றால் ஒன்றோடு நிறுத்தவும்.

சந்தகை இருந்தால் மேசைக்குப் பக்கத்தில் பிழிந்து தருகிறார்களா என்று கேட்டுவிடுங்கள். இடியாப்பத்தில் மாவைப் பிழிந்துவிட்டு வேகவைப்போம், சந்தகை தலைகீழ். ஊறவைத்த புழுங்கலரிசியை நைசாக ஆட்டி, இட்லியாக வேகவைத்து, ஆவி பறக்கும்போதே அச்சில் போட்டு அழுத்த வேண்டும். சூடு இருக்கும்வரை நூல் நீளமாக, பளபளப்பாக இறங்கும். நாலைந்து நிமிடம் ஆறவிட்டால் அச்சு நகராது, நூல் குட்டை குட்டையாக ஒடியும். முன்பே பிழிந்து வைத்ததா என்பது கரண்டியால் தூக்கினாலே தெரியும்: தனித்தனியாகப் பிரியாமல் அடையாக வரும். மேலே ஊற்றும் தேங்காய்ப்பால் வெதுவெதுப்பாக இருந்தால் போதும்; கொதித்த பால் திரிந்து துகள் தட்டும். நாட்டுச்சர்க்கரை தனியாக வரட்டும், கலந்து வந்தால் எல்லாம் ஒரே தித்திப்பு.

நடுவில் நாக்கைக் கழுவ எலுமிச்சை சோர்பே, அதாவது பால் சேராத பழச்சாறு ஐஸ், கொடுக்கிறார்கள். பச்சைப்புளி ரசம் இருக்கும் ஊரில் அது எதற்கு என்று தெரியவில்லை. புளிக்கரைசல், நசுக்கிய சின்ன வெங்காயம், மிளகாய், கொத்தமல்லி, அடுப்பே வேண்டாம். அரை டம்ளர் போதும். கசந்தால் வெங்காயத்தைக் கையால் நசுக்காமல் மிக்சியில் அடித்திருக்கிறார்கள்.

பில்லை நிதானமாகப் பாருங்கள். முந்தைய நிதியாண்டில் ஏதாவது ஓர் அறைக்கு நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டி வாங்கிய ஹோட்டல் என்றால், அதன் உணவகத்தில் ஜிஎஸ்டி 18 சதவீதம். வெளியே உள்ள சாதாரண உணவகத்தில் 5. மெனு விலை 3,500 என்றால் வரியோடு 4,130. மெனு விலையில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேர்த்து, அதற்கும் வரி போட்டால் 4,543. நடுவில் உள்ள 413 ரூபாயைக் கட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக்கூடாது என்ற மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வழிகாட்டுதலை 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் ஏற்றிருக்கிறது. எடுத்துவிடுங்கள் என்று கார்டைக் கொடுப்பதற்கு முன்பே சொல்லுங்கள். மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915.