பில் தேங்கினால் தொழிலும் தேங்கும்
உள்நாட்டுக் கட்டுமானத் தொழில் வலுப்பெற, அரசு முதலில் ஒப்பந்ததாரர்களின் பில் பணத்தை நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். ஃபிடிக் (சர்வதேச ஆலோசனைப் பொறியாளர்கள் கூட்டமைப்பு) வெளியிட்ட கட்டுமான ஒப்பந்த மாதிரியான 1999 சிவப்புப் புத்தக நிபந்தனைப்படி, பில் பொறியாளர் கைக்கு வந்த 28 நாளுக்குள் பணம் தரலாம் என்ற சான்றிதழ், 56 நாளுக்குள் பணம். இது இழுத்தால் சிமென்ட்டும் கம்பியும் கடனுக்கு வாங்க வேண்டிவரும், கூலி பாக்கி விழும், தேர்ந்த கொத்தனார்கள் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள். அடுத்த டெண்டரில் ஒப்பந்ததாரர்கள் அந்தக் கடன் வட்டியையும் சேர்த்துத்தான் ரேட் போடுவார்கள். சுமை அரசுக்கே திரும்புகிறது!

ஒப்பந்ததாரர்களே, நம் பக்கமும் சரி செய்ய வேண்டியது இருக்கிறது. அஸ்திவாரத்தை மண் மூடிய பிறகு எதை அளப்பது? கம்பி கட்டி முடித்ததும், கான்கிரீட் போடுவதற்கு முன்பே இரு தரப்பும் சேர்ந்து அளந்து, அளவுப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குங்கள். தேதியோடு படம் எடுங்கள். கான்கிரீட்டின் வலுவைப் பார்க்கும் கியூப் சோதனையின் 7ஆம் நாள், 28ஆம் நாள் முடிவுகளைக் கோப்பில் வையுங்கள். பில் திரும்பி வருவது பெரும்பாலும் இந்தக் காகிதங்கள் இல்லாமல்தான்.

வாய்மொழி உத்தரவில் கூடுதல் வேலை வேண்டவே வேண்டாம். கால நீட்டிப்பு கேட்பதென்றால் அதே ஃபிடிக் நிபந்தனைகளில், தாமதத்துக்கான காரணம் தெரியவந்த 28 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். தவறினால் உரிமையே போய்விடும்.

இன்னொன்று: பெரிய வேலைகளைச் சிறு பகுதிகளாகப் பிரித்து டெண்டர் விட்டால்தான் சிறிய நிறுவனங்கள் தகுதி பெறும்.