தூண்டிலும் இரையும்

மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் பின்னேரம் தூண்டில் போடுகிறவர்களைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் யாக்கோபு 1:14 விளங்கும். "அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு, சோதிக்கப்படுகிறான்." இதில் "சிக்குண்டு" என்று வருகிற இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது இரை காட்டிப் பிடிப்பதைக் குறிக்கிற சொல். எந்த மீனுக்கு எந்த இரை என்று தூண்டில்காரனுக்குத் தெரியும். பிசாசுக்கும் தெரியும். தெரியாதது பெரும்பாலும் நமக்குத்தான். "சோதனையில் விழாமல் காத்தருளும்" என்று பொதுவாக ஜெபிக்கிறோம். எனக்குப் போடப்படுகிற இரை எது, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று எழுதிப் பார்த்தவர்கள் குறைவு.

ஆகவே முதல் வேலை எழுதுவது. ஒரு கிழமைக்கு மட்டும், மனம் இழுபட்ட ஒவ்வொரு தடவையும் நேரம், இடம், கூட யார் இருந்தார்கள், சாப்பிட்டிருந்தீர்களா, நித்திரை காணுமாக இருந்ததா என்று இரண்டு சொல்லில் குறியுங்கள். விழுந்தீர்களா இல்லையா என்பது இப்போதைக்கு வேண்டாம். சோதனை வருவது பாவமல்ல, அது இயேசுவுக்கும் வந்தது. ஏழாம் நாள் பார்த்தால் அநேகமாக இரண்டு மூன்று நேரங்கள்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கும். மத்தேயு 4இல் பிசாசு வந்தது நாற்பது நாள் உபவாசத்துக்குப் பிறகு, பசி உண்டானபோது. சூரைச்செடியின் கீழே சாகக் கேட்ட எலியாவுக்குத் தேவதூதன் பிரசங்கம் வைக்கவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், எலியா திரும்பவும் படுத்துக்கொண்டார். பசியும் களைப்பும் ஆவிக்குரிய விஷயமில்லை என்று நினைக்கிறவர்கள் அந்த அதிகாரத்தை, 1 இராஜாக்கள் 19ஐ, ஒருதரம் வாசிக்க வேண்டும்.

இங்கே அடிக்கடி காண்கிற நேரங்கள் இரண்டு. ஒன்று இரவு பத்தரை: கச்சான் காற்றில் புழுங்குகிறது, வீட்டார் நித்திரை, லைட் நூர்ந்தாச்சு, போன் தலைமாட்டில். மற்றது அறுவடைக் காசு. பெரும்போகம் வெட்டி நெல் விற்ற காசு கைக்கு வருகிற நாட்களில்தான் தவக்காலமும் வருகிறது. படுவான்கரையிலும் அம்பாறை வயல் ஊர்களிலும் அந்த நாட்களில் தவறணை (மதுக்கடை) வாசலில் நிற்கிற மோட்டார் சைக்கிள்களை எண்ணிப் பார்க்கலாம்.

இந்த நேரங்களை வெல்கிற இடம் அந்த நேரமல்ல, அதற்கு முந்திய மணித்தியாலம். யோசேப்பு உடுப்பை விட்டுவிட்டு ஓடியதைத்தான் எல்லாரும் பிரசங்கிக்கிறார்கள். அதற்கு இரண்டு வசனம் முன்னால், ஆதியாகமம் 39:10இல், எஜமானான போத்திபாரின் மனைவி நித்தம் நித்தம் பேசியும் அவன் "அவளுடனே இருக்கவும் சம்மதிக்கவில்லை" என்று இருக்கிறது. பக்கத்தில் நிற்கவே மறுத்துப் பழகியவனுக்குத்தான் கடைசி நாளில் ஓடக் கால் வந்தது. போனை விறாந்தையில் சார்ஜுக்குப் போட்டுவிட்டுப் படுக்கப் போங்கள். "அலாரத்துக்கு வேணுமே" என்பதுதான் வழக்கமான சாட்டு. ஒரு மேசை மணிக்கூடு வாங்குங்கள். நெல் காசை ஆலையிலிருந்து நேரே வங்கிக்கோ மனைவியின் கைக்கோ கொண்டுபோங்கள், தவறணை இல்லாத ரோட்டால். ரோமர் 13:14 சொல்கிற "துர்இச்சைகளுக்கு இடமாக உடலைப் பேணாமலிருந்து" என்பது இப்படியான சில்லறை வேலைகள்தான்.

ஒரு எச்சரிக்கை. நாள்தோறும் நிறையக் குடிக்கிறவர் உபவாசக் கூட்டத்தில் கையைத் தூக்கிவிட்டு ஒரேயடியாக நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு வரலாம், உயிருக்கும் ஆபத்து. முதலில் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்; ஜெபம் கூடவே வரட்டும்.

வசனம் மனப்பாடம் செய்வதிலும் ஒரு பிழை நடக்கிறது. பத்து வசனம் அரைகுறையாகத் தெரியும், தேவையான நேரத்தில் ஒன்றும் வராது. இயேசு வனாந்தரத்தில் சொன்ன மூன்று பதிலும் உபாகமம் 6ஆம் 8ஆம் அதிகாரங்களில் இருந்து வந்தவை. பிசாசும் சங்கீதம் 91ஐச் சொன்னான் என்பதால், வசனம் தெரிவது மட்டும் போதாது, பொருத்தமானது வேண்டும். ஒரு சோதனைக்கு ஒரு வசனம் போதும். போனுக்கு சங்கீதம் 101:3, "தீங்கான காரியத்தை என் கண்முன் வைக்கமாட்டேன்." ஊர்க்கதைக்கு சங்கீதம் 141:3, "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்." கோபத்துக்கு யாக்கோபு 1:20. வாய்விட்டுச் சொல்லுங்கள், பிறகு எழும்பி அறையை விட்டு வெளியே வாருங்கள். இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு அந்த ஆசையையே விவரித்து அரை மணித்தியாலம் ஜெபித்தால், ஜெபம் முடியும்போது ஆசை இன்னும் கிட்ட வந்திருக்கும்.

புனித மிக்கேல் கல்லூரியை நடத்திய இயேசு சபையின் நிறுவுநர் இஞ்ஞாசியார் ஒரு கொப்பி வேலை கற்றுக்கொடுத்தார். மெதடிஸ்தர்களும் பெந்தெகொஸ்தேக்காரரும் இதை இரவல் வாங்கலாம், குறையொன்றும் வராது. ஒரேயொரு குற்றத்தைத் தெரிந்தெடுங்கள். ஒரு தாளில் ஏழு சோடிக் கோடு, நாளுக்கு ஒரு சோடி. வரவரக் குறைய வேண்டும் என்பதற்காகக் கோடுகளும் கீழே போகப்போகக் கட்டையாகும். காலையில் எழும்பியதும் அந்த ஒன்றைப் பற்றித் தீர்மானம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, எழும்பியது முதல் மணித்தியாலம் மணித்தியாலமாக நினைத்துப் பார்த்து, விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் மேல்கோட்டில் ஒரு புள்ளி. இராச் சாப்பாட்டுக்குப் பிறகு கீழ்க்கோட்டில். இடையில் விழுந்தால் நெஞ்சில் கை வைத்து மனம் வருந்துதல். அதைச் சனத்துக்கு நடுவில் நின்றும் செய்யலாம், ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். மூன்று நான்கு குற்றங்களை ஒன்றாகப் பிடிக்கிறவர்கள் பத்தாம் நாள் கொப்பியை மூடிவிடுகிறார்கள்.

சாத்தான் இரகசியத்தை விரும்புகிற கள்ளக் காதலனைப் போல, விஷயம் வெளியே வந்தால் அவனுக்கு வேலையில்லை என்பதும் இஞ்ஞாசியார் சொன்னதே. 1814இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்டின் மரபிலும் இது உண்டு. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 1738இல் சிறுகுழுக்களுக்கு எழுதிய ஒழுங்கின்படி கிழமைக்கு ஒருதரம் கூடி, போன சந்திப்புக்குப் பிறகு என்ன பாவம் செய்தீர், என்ன சோதனை வந்தது, எப்படித் தப்பினீர் என்று ஒருவரை ஒருவர் கேட்க வேண்டும். ஆண்கள் வேறு, பெண்கள் வேறு. இந்த மூன்றாம் கேள்விதான் பெறுமதியானது. 1 கொரிந்தியர் 10:13 சொல்கிற தப்பிக்கொள்ளும் "போக்கு" போன கிழமை எந்தப் பக்கத்தால் வந்தது என்று அதில் தெரியவரும்.

ஆளைத் தெரிவதில் கவனம். நம் ஊர்களில் மூன்றாம் வீட்டுக்காரரும் சொந்தம்தான். மச்சானிடம் சொன்னது விடியமுன் மாமிக்குத் தெரியும். உறவுக்குள் வேண்டாம். அதே பழக்கத்தில் கிடந்து தத்தளிப்பவரும் வேண்டாம். கத்தோலிக்கருக்குப் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது. பாதர் அதை வெளியே சொல்ல முடியாது. மற்றவர்கள் வாய் இறுக்கமான, வயதில் மூத்த ஒருவரைத் தேட வேண்டும், கிடைக்கிறது கஷ்டம்தான்.

விழுந்த அன்றைக்குச் செய்ய வேண்டியது நேரத்தோடு செய்யப்பட வேண்டும். "கொஞ்சம் சுத்தமாகிவிட்டு ஜெபிப்போம்" என்று இரண்டு ஞாயிறு கோயிலுக்குப் போகாமல் விட்டால் மூன்றாவது ஞாயிறு தானாகவே நின்றுவிடும். 1 யோவான் 1:9ஐ வாசித்து, செய்ததை அதன் சரியான பெயரால் சொல்லி அறிக்கையிடுங்கள். நம்பிச் சொல்லத் தெரிந்தெடுத்த அந்த ஆளுக்கு அடுத்த நாளே ஒரு போன் கோல். பிறகு கொப்பியை எடுத்துப் புள்ளியை வையுங்கள். தாளைக் கிழித்துப் புதுக் கிழமை தொடங்க மனம் வரும், கிழிக்க வேண்டாம். அடுத்த சோடிக் கோடு நாளைக் காலைக்குக் காலியாக இருக்கிறது.